சாய்வுக்கு முன் பள்ளத்தின் ஆழத்தைப் பாருங்கள்

கரிமத் திண்மங்களில் மீத்தைல் (CH₃) தொகுதி சுழல்வதை என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) தளர்வு நேரமான டி1 கொண்டு, அதாவது கலைக்கப்பட்ட அணுக்கருக் காந்தமாக்கம் மீண்டும் சமநிலைக்கு வர எடுக்கும் நேரத்தைக் கொண்டு ஆராயும்போது, பலரும் டி1-இன் மடக்கையை வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிராக வரைந்த வரைபடத்தின் சாய்விலிருந்து கிளர்வு ஆற்றலை, அதாவது சுழலத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடையைக் கணக்கிட்டதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. சுழல்வது எது என்று தெரியாமல் அதன் ஆற்றலைச் சொல்லி என்ன பயன்?

புளூம்பெர்கன், பர்செல், பவுண்ட் மூவரும் 1948-இல் தந்த கோட்பாட்டின்படி, குளிர்விக்கக் குளிர்விக்க டி1 இறங்கி, ஒரு பள்ளத்தைத் தொட்டு, மறுபடி ஏறும். ஒட்டுறவு நேரத்தை (தொகுதி ஒரு நிலையிலிருந்து திரும்ப எடுக்கும் சராசரி நேரம்) கோண அதிர்வெண்ணால் (கருவியின் அதிர்வெண்ணின் 2π மடங்கு) பெருக்கினால் 0.616 வருமிடம் அந்தப் பள்ளம். 20 மெகாஹெர்ட்ஸில் ஒட்டுறவு நேரம் அங்கே 4.9 நானோநொடி.

ஆழத்தையும் முன்கூட்டியே கணக்கிடலாம். மீத்தைலுக்குள் புரோட்டான்களின் இடைவெளி 1.78 ஆங்ஸ்ட்ராம் என்றால், அவற்றின் காந்தங்கள் ஒன்றையொன்று பாதிக்கும் இருமுனை இடைவினையின் மாறிலி சுமார் 8.06 × 10⁹ நொடி⁻². அதைக் கோண அதிர்வெண்ணால் வகுத்து 1.425-ஆல் பெருக்கினால் நொடிக்கு 91 வரும். அதன் தலைகீழான டி1 11 மில்லிநொடி. எல்லாப் புரோட்டானும் மீத்தைலில் இருந்தால்தான் இந்தக் கணக்கு. 12 புரோட்டானில் 3 மட்டும் மீத்தைல் என்றால், மற்ற ஒன்பதும் தங்கள் ஆற்றலை அந்த மூன்றின் வழியாகவே வெளியேற்றுகின்றன. பள்ளம் 44 மில்லிநொடியில் நிற்கும். அண்டை அணுக்களின் பங்கால் அளவீட்டில் இது சற்றுக் குறையலாம். ஆனால் 150 மில்லிநொடி வந்தால், சாய்வை நம்பி எதையும் எழுதிவிடாதீர்கள். ஒட்டுறவு நேரம் ஒன்றாக இல்லாமல் பரவிக் கிடக்கலாம். முழுச் சுழற்சிக்குப் பதில் சிறுகோண ஆட்டமாகவும் இருக்கலாம்.

அளவீட்டுக்குப் பொடியைக் கண்ணாடிக் குழாயில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நிரப்ப வேண்டாம். கருவியின் சுருளுக்கு வெளியே உள்ள பகுதிக்கு ரேடியோ துடிப்பு சரியாகப் போய்ச் சேராது. வெற்றிடத்தில் காற்றை அகற்றிவிட்டுக் குழாயை உருக்கி மூடுங்கள். ஆக்சிஜன் பாரா காந்தத்தன்மை உடையது. டி1 நீளமாக உள்ள வெப்பநிலைகளில் அது தனி வழியாக நுழைந்து வளைவைத் தட்டையாக்கிவிடும். படிகமாக்கலில் தங்கிய கரைப்பானும் தன் ஆட்டத்தைச் சேர்த்துவிடும்.

சிக்னலைத் துடிப்புகளால் முதலில் அழித்து, அது திரும்புவதை அளக்கும் செறிவூட்டி மீட்கும் முறையே நல்லது. ஒவ்வொரு முறையும் டி1-இன் 5 மடங்கு நேரம் காத்திருக்க வேண்டாம். 90 பாகைத் துடிப்புகள் பத்துப் பதினைந்தை ஒரு மில்லிநொடி இடைவெளியில் கொடுத்து, காத்து, படியுங்கள். மிகக் குறுகிய காத்திருப்பிலேயே சிக்னல் இருந்தால் செறிவூட்டல் முழுமையாகவில்லை. திண்மத்தின் சிக்னல் சில பத்து மைக்ரோநொடிகளில் அணைந்துவிடும், ஏற்பியோ துடிப்பு முடிந்த உடனே கண் திறக்காது. அதனால் கட்டத்தை 90 பாகை மாற்றிய இரண்டாம் துடிப்பால் எதிரொலி எடுத்துப் படிக்க வேண்டும்.

அதிகம் ஏமாற்றுவது வெப்பநிலைதான். கிளர்வு ஆற்றல் மோலுக்கு 12 கிலோஜூல் என்று வையுங்கள். 140 கெல்வினை ஒட்டிய சாய்வுப் பகுதியில் ஒரு பாகை பிசகினாலே டி1 7 சதவீதம் மாறும். வெப்ப இணையை (வெப்பநிலை அளக்கும் உணரி) குளிர்விக்கும் வாயு நுழையுமிடத்தில் வைக்காமல் மாதிரிக்கு அருகே வையுங்கள். அது நிலையாகிவிட்டது என்று காட்டிய பிறகும் பதினைந்து நிமிடம் பொறுங்கள். பொடி மெதுவாகத்தான் குளிரும்.

குளிர்வித்துக்கொண்டே ஒருமுறை, சூடாக்கிக்கொண்டே ஒருமுறை அளந்தாக வேண்டும். இரு வளைவுகளும் பொருந்தாவிட்டால் படிக வடிவமே மாறியிருக்கலாம். அப்போது இரு பகுதிப் புள்ளிகளையும் ஒரே கோட்டில் இணைக்கக் கூடாது. சிக்னலின் மீட்சி ஒற்றை அடுக்குக்குறிச் சார்பாக இல்லையென்றால் தொடக்கச் சாய்வை எடுங்கள். இரண்டு அடுக்குக்குறிகளைப் பொருத்தி இரு நிலைகள் என்று பெயர் வைக்க வேறு சான்று வேண்டும்.

இயன்றால் 60 மெகாஹெர்ட்ஸிலும் அளந்துவிடுங்கள். வெப்பப் பக்கத்தில், அதாவது பள்ளத்துக்கு மேலான வெப்பநிலைகளில், இரண்டு வளைவுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிய வேண்டும். குளிர்ப் பக்கத்தில் டி1 ஒன்பது மடங்காக வேண்டும். வெப்பப் பக்கம் படிந்து, குளிர்ப் பக்கத்தில் ஐந்தாறு மடங்கோடு நின்றால், ஒட்டுறவு நேரம் பரவியிருக்கிறது என்று பொருள். அந்த மாதிரிக்குக் கிளர்வு ஆற்றலை வெப்பப் பக்கச் சாய்விலிருந்து எடுங்கள். குளிர்ப் பக்கம் குறைத்துக் காட்டும்.