குரூப் 4 ஹால்ல படபடப்பு வந்தா மூச்ச இழுக்காதீங்க, வெளிய விடுங்க

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 ரிசல்ட் வந்துருச்சு. என் ரேங்க்குக்கு இளநிலை உதவியாளர் கெடைச்சுரும்னு தெரிஞ்சவங்க எல்லாரும் சொல்றாங்க. அன்னைலருந்து எந்த புக் படிச்சீங்கக்கா, எந்த டெஸ்ட் பேட்ச்னு கேட்டு மெசேஜ் வந்துட்டே இருக்கு. அதுல நான் புதுசா சொல்ல ஒண்ணும் இல்லப்பா. சமச்சீர் புக், பழைய வினாத்தாள், திரும்பத் திரும்ப ரிவிஷன், இது எல்லாருக்கும் தெரியும். நான் எழுத வந்தது படிச்சதெல்லாம் மண்டைக்குள்ள இருந்தும் ஹால்ல உக்காந்ததும் கை நடுங்கி நெஞ்சு அடைச்சு ஒண்ணுமே வராம போறவங்களுக்காக. ஏன்னா போன தடவ, 2024 ஜூன்ல, எனக்கு அதுதான் நடந்துச்சு. இந்தத் தடவையும் வந்துச்சு, ஆனா என்னைய சாய்க்கல.

2025 ஜூலை 12 எழுதுனவங்களுக்குத் தெரியும் அந்தத் தமிழ்ப் பகுதி எப்படி இருந்துச்சுன்னு. நூறு கேள்வி, நூத்தைம்பது மார்க்கு, அதுல 40 சதவீதம் எடுக்கலன்னா பொது அறிவுல என்ன கிழிச்சிருந்தாலும் பேப்பரே செல்லாது. தமிழ்தான நம்மள காப்பாத்தும்னு நம்பிப் போனவங்க முதல் ரெண்டு பக்கத்துலயே ஆடிப் போனாங்க. நானும்தான். வரிசையா மூணு கேள்வி தெரியல, நாலாவது கேள்விய வாசிக்கும்போது எழுத்து தெரியுது, அர்த்தம் மண்டைல ஏறல. விரல் நுனியெல்லாம் மரத்துப் போன மாதிரி சுர்ருனு இருக்கு, உதட்டச் சுத்தியும் அதே மாதிரி. பக்கத்து பெஞ்ச்ல ஒரு தம்பி மடமடன்னு ஷேட் பண்ணிட்டுப் போறான், அந்தப் பேனா சத்தம் மட்டும் காதுல பெருசா கேக்குது.

இந்த மாதிரி நேரத்துல எல்லாரும் சொல்ற ஒரே அட்வைஸ் "மூச்ச நல்லா இழுத்து விடு". இதுல எல்லாரும் புடிச்சுக்கிறது "இழுத்து"ங்கிற பாதிய. நானும் 2024ல இழுத்து இழுத்துதான் இன்னும் தலை சுத்துச்சு. ஏன்னு அப்புறம் ஒரு டாக்டரம்மா விளக்குனாங்க. பதட்டம் வரும்போது நமக்கே தெரியாம ஏற்கனவே வேகவேகமா மூச்சு வாங்கிட்டுதான் இருப்போம். அதுல ரத்தத்துல இருக்குற கார்பன் டை ஆக்ஸைடு தேவைக்கும் கீழ இறங்கிரும். அது இறங்குனா மூளைக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கும், அதான் தலை சுத்தல், விரல் மரத்துப் போறது, கண்ணு மங்குறது எல்லாம். காத்து பத்தலங்கிற மாதிரி தோணும், ஆனா உள்ள காத்து கூடிப் போய்தான் கெடக்கு. அந்த நேரத்துல இன்னும் பெருசா இழுத்தா என்ன ஆகும்? கூடத்தான் செய்யும்.

அதனால விடுங்க. முதல்ல மெதுவா வெளிய விடுங்க. உள்ள இழுக்கறதவிட வெளிய விடுறது நீளமா இருக்கணும், அவ்வளவுதான் விஷயம். மூச்சு வெளிய போகும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் குறையும், உள்ள வரும்போது கொஞ்சம் கூடும். இது எல்லாருக்கும் இயல்பா நடக்குறது. வேகஸ்னு ஒரு நரம்பு இருக்கு, அதோட வேலை. நாடியப் புடிச்சுப் பாத்தா சில பேருக்கு விரல்லயே தெரியும், இப்பவே வேணா செஞ்சு பாருங்க.

நான் ஹால்ல செஞ்சது இது. பேனாவ மூடி வச்சேன். மூக்கு வழியா சாதாரணமா ஒரு மூச்சு, அது முடியுற இடத்துல அதுக்கு மேலயே இன்னொரு குட்டி இழுப்பு, அப்புறம் வாயக் குவிச்சு சத்தம் வராம நீளமா வெளிய, வயிறு ஒட்டுற வரைக்கும். குழந்தைங்க அழுது முடிச்சதும் தானா விடுங்கல்ல ஒரு மூச்சு, ரெண்டு விக்கலா உள்ள போய் ஒரே நீளமா வெளிய வரும், அதேதான். உடம்புக்கே தெரிஞ்ச வழி. ஸ்டான்ஃபோர்ட்ல இத வச்சு ஒரு ஆய்வே பண்ணி 2023ல வெளியிட்டாங்க, தினம் அஞ்சு நிமிஷம்னு ஒரு மாசம் செஞ்சவங்களுக்கு, அதே நேரம் தியானம் செஞ்சவங்கள விட மனநிலை நல்லா முன்னேறி இருந்துச்சாம்.

அப்படி நான் பேனாவ மூடி உக்காந்திருக்கறதப் பாத்து ஹால்ல இருந்த மேடம் பக்கத்துல வந்து "ஏம்மா, ஒடம்பு சரியில்லையா"ன்னாங்க. "இல்ல மேடம், ரெண்டு நிமிஷம்"னேன். "சரி, அவசரப்படாம எழுதும்மா"ன்னுட்டுப் போனாங்க. அந்த ரெண்டு நிமிஷத்துக்கு நான் கொஞ்சமும் கவலப்படல. மூணு மணி நேரம், 200 கேள்வி. ரெண்டு நிமிஷம் போனா ரெண்டு கேள்வி போகும், அந்த நடுக்கத்தோடயே ஓட்டுனா தெரிஞ்ச இருபது கேள்வி போகும்.

அப்புறம் நேரா கணக்குக்குப் போயிட்டேன், அந்த 25 கேள்விக்கு. பயத்துல இருக்கும்போது ஞாபகப்படுத்தி எழுதுற கேள்வி வராது, ஆனா கை வேலை மாதிரி படிப்படியா செய்யுறது வரும். தனிவட்டி, மீ.பொ.ம, விகிதம்னு ஒவ்வொண்ணா போட்டு விடை ஆப்ஷன்ல இருக்குறதப் பாக்கப் பாக்க உள்ள அடங்கிருச்சு. கணக்குன்னாலே பயம்ங்கிறவங்க இத செய்யாதீங்க, உங்களுக்கு எது கண்ண மூடிட்டு வருமோ அங்க போங்க. ஆனா எதுன்னு வீட்லயே முடிவு பண்ணிருங்க, ஹால்ல போய் யோசிச்சா அதுவே ஒரு பதட்டம். இன்னொண்ணு, நடுவுல தாவும்போது ஓஎம்ஆர் விடைத்தாள்ல கேள்வி நம்பர விரல் வச்சுப் பாத்து ஷேட் பண்ணுங்க.

தெரியாத கேள்விக்கு நெகட்டிவ் மார்க் கெடையாதுங்கறத மனசுல திரும்பத் திரும்பச் சொல்லுங்க. நீட்டுல படிச்சு பழகிட்டு இங்க வர்ற பசங்க தேவையே இல்லாம பயப்படுறாங்க. எதையும் சும்மா மட்டும் விடக்கூடாது, சுத்தமா தெரியலன்னா "விடை தெரியவில்லை"ங்கிற E ஆப்ஷன் இருக்கு.

மூச்சு ஒரு பக்கம், எனக்கு உதவுன மத்ததையும் சொல்லிடுறேன்.

- காலைல ஹால் வாசல்ல: கும்பல்ல நிக்காதீங்க. "இது பாத்தியா, அது வந்தா என்ன பண்ணுவ"ன்னு கேக்குற ஆள் ஒருத்தர் கண்டிப்பா இருப்பாங்க. அண்ணன்தான் என்னைய கொண்டுபோய் விட்டான், "நீ அந்த வேப்பமரத்தடில தனியா உக்காரு, நான் பையப் பாத்துக்கறேன்"னான். அதுவே பெரிய உதவி.
- 9 மணிக்கு உள்ள போனதுல இருந்து 9.30 வரைக்கும் சும்மா உக்காந்திருக்கற நேரம்தான் ரொம்ப மோசம். அப்ப கால் விரலையும் தொடையையும் இறுக்கி அஞ்சு எண்ணி விட்டுருங்க. அப்புறம் கை, தோள். ஒவ்வொரு இடமா இறுக்கித் தளர்த்துறது. எட்மண்ட் ஜேக்கப்சன்னு ஒரு அமெரிக்க டாக்டர் 1920கள்லயே சொல்லிக் குடுத்த முறை இது. பெஞ்சுக்கு அடியில யாருக்கும் தெரியாது.
- காபி டீ: வழக்கமா ஒண்ணு குடிப்பீங்கன்னா அன்னைக்கும் ஒண்ணு. முழிச்சுப் படிச்சோம்னு மூணு குடிச்சா நெஞ்சு அடிக்கிறது காபியாலயா பயத்தாலயான்னு உங்களுக்கே தெரியாது.
- வெறும் வயித்தோட போகாதீங்க. ரெண்டு இட்லியாவது.
- கண்ணால பாக்குறது அஞ்சு, தொட்டு உணர்றது நாலு, கேக்குறது மூணு, வாசனை ரெண்டு, ருசி ஒண்ணுன்னு மனசுக்குள்ள எண்ணுற ஒரு முறை இருக்கு. என் ஃப்ரெண்டுக்கு அதுதான் உசுரு. எனக்கு ஹால்ல ஒத்து வரல, ராத்திரி தூக்கம் வராதப்ப ஒத்து வந்துச்சு.

தியானம் பத்தி கேப்பீங்க. எனக்கு கண்ண மூடி உக்காந்தா கட் ஆஃப்தான் ஓடும். உக்கார முடியுறவங்க உக்காருங்க, முடியாதவங்க நடங்க. லைப்ரரில இருந்து வீட்டுக்கு நான் பஸ் ஏறாம நடந்தே வந்தேன் கடைசி மாசம் பூரா, போன்ல எதையும் கேக்காம. அந்த நடைதான் எனக்குத் தியானம். ரொம்ப முடியாத நாள்ல வீட்டுக்கு வந்ததும் பானைத் தண்ணிய எடுத்து நெத்தி, கண்ணு, கன்னத்துல மூச்ச அடக்கி அடிச்சுக்குவேன். குளுந்த தண்ணி முகத்துல பட்டா இதயம் நிதானமாகுறது நம்ம உடம்புக்குள்ளயே இருக்குற ஒரு பழக்கம், முங்கிக் குளிக்கும்போது நடக்குறது. இதய நோய் இருக்குறவங்க மட்டும் இத செய்ய வேணாம்.

ராத்திரி பயத்துக்கு நோட்டு. "பாஸ் ஆகலன்னா அப்பா முகத்த எப்படிப் பாப்பேன், இன்னொரு வருஷம் வீட்ல இருந்தா என்ன பேசுவாங்க" இப்படி என்னென்ன தோணுதோ அப்படியே எழுதுங்க, எழுத்துப்பிழை பாக்காம. சிகாகோ பல்கலைக்கழகத்துல 2011ல சோதிச்சுப் பாத்தாங்க, பரீட்சைக்கு முன்னாடி பத்து நிமிஷம் தன் பயத்த எழுதுன பசங்க, முக்கியமா எப்பவும் பதட்டப்படுறவங்க, நல்லா எழுதியிருக்காங்க. மண்டைக்குள்ள சுத்திட்டே இருக்குறது பேப்பருக்கு வந்துட்டா கேள்விய யோசிக்க இடம் கெடைக்குதுங்கறாங்க. எனக்கு அது முழுக்க உண்மை. எழுதுன நோட்ட மறுபடி வாசிக்கவே இல்ல.

ஒரு முக்கியமான விஷயம், இதயெல்லாம் ஹால்ல முதல் தடவையா செஞ்சா வேலை செய்யாது. அந்த மூச்ச நான் ஒவ்வொரு மாடல் டெஸ்ட்டுக்கு நடுவுலயும், வேணும்னே, பதட்டம் இல்லாதப்பவும் செஞ்சு பழகுனேன். சூத்திரம் மாதிரி அதுவும் மனப்பாடம் ஆகணும். வீட்லயே 9.30லருந்து 12.30 வரைக்கும் ஓஎம்ஆர் வச்சு எழுதிப் பழகுறவங்க, அதோட சேத்து இதயும் பழகுங்க.

பரீட்சை முடிஞ்சதும் ஆன்சர் கீ, கட் ஆஃப் வீடியோனு மாசக்கணக்கா ஒரு வேதனை இருக்கு பாருங்க, அதுக்கு நான் செஞ்சது ஒண்ணே ஒண்ணு. தேர்வாணையம் விட்ட கீய வச்சு ஒரு தடவ போட்டுப் பாத்தேன், மார்க்க எழுதி வச்சேன், எல்லா க்ரூப்ல இருந்தும் வெளிய வந்துட்டேன். ஆளாளுக்கு ஒரு கட் ஆஃப் சொல்றாங்க, யாருக்கும் ஒண்ணும் தெரியாது. அதக் கேட்டுத் தூக்கத்தக் கெடுத்துக்காதீங்க தங்கச்சிங்களா.

பரீட்சை இல்லாத நாள்லயும் வாரக்கணக்கா தூக்கம் வரல, சாப்பாடு இறங்கல, காரணமே இல்லாம நெஞ்சு அடிக்குது, செத்துரலாம்னு தோணுதுன்னா இந்த மூச்சு நோட்டு எல்லாம் பத்தாது. 14416, டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி நம்பர், காசு கெடையாது, ராத்திரி பகல்னு எப்ப வேணா கூப்பிடலாம், தமிழ்லயே பேசுவாங்க. நம்ம தமிழ்நாட்டுல 104ம் இருக்கு. மாவட்ட அரசு ஆஸ்பத்திரில மனநல ஓபி இருக்கு, சீட்டு போட்டா போதும். 2024 ரிசல்ட்டுக்கு அப்புறம் நான் போனேன், அந்த டாக்டரம்மாதான் மூச்சு விஷயத்த சொல்லிக் குடுத்தது. வீட்ல "பைத்தியத்துக்குக் காட்டுற எடத்துக்கா போற"ன்னு கேட்டாங்க. அம்மாவ கூடக் கூட்டிட்டுப் போனேன். அங்க வரிசைல பாதி பேர் என்னைய மாதிரி படிக்கிற புள்ளைங்க. அதப் பாத்தப்புறம் அம்மா ஒண்ணும் சொல்லல.

கவுன்சிலிங் தேதி இன்னும் வரல. சர்டிஃபிகேட் அப்லோடுல என்னென்ன மாட்டுச்சுன்னு அது முடிஞ்சதும் தனியா எழுதுறேன், பிஎஸ்டிஎம் (தமிழ் வழில படிச்சதுக்கான) சர்டிஃபிகேட் வாங்காதவங்க மட்டும் அதுவரைக்கும் காத்திருக்காம இப்பவே ஸ்கூல்ல போய் வாங்கி வச்சுக்கோங்க.