துப்பாக்கிக் கடையில் நாய்ப் பேச்சு

மவுண்ட் ரோடு பக்கம் ஒரு துப்பாக்கிக் கடையில் கணக்கு எழுதுகிறேன் என்று சொன்னால், யாராக இருந்தாலும் முதலில் கேட்பது "நீங்க சுட்டிருக்கீங்களா?" என்பதுதான். அடுத்தது, "எந்த மாதிரி ஆளுங்க வருவாங்க?" முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் முடிந்துவிடும்: இல்லை. இரண்டாவதற்குத்தான் நேரம் பிடிக்கும். சினிமாவில் வருகிற மாதிரி ஆட்களும் வரத்தான் செய்வார்கள். ரிவால்வர் விலை கேட்பார்கள். லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டதும் "அப்புறம் வர்றேன்" என்று கிளம்பிவிடுவார்கள். லைசென்ஸோடு வருடக்கணக்காக வந்துபோகிறவர்கள் வேறு ரகம். கவுன்ட்டருக்கு எதிரே கிடக்கும் நீளப் பெஞ்சில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைப் பதிவேடு எழுதிக்கொண்டே கேட்டிருக்கிறேன். துப்பாக்கியைப் பற்றிய பேச்சு சீக்கிரம் தீர்ந்துபோகும். மீதியெல்லாம் நாய், ரேடியோ, தூண்டில், பழைய கடிகாரம், மாடித் தோட்டம், பறவை.

காரணம் ஒன்றும் ரகசியமில்லை. நம் ஊரில் லைசென்ஸ் துப்பாக்கி என்பது முக்கால்வாசி வேலையில்லாமல் கிடக்கும் சாமான். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு வேட்டை போயிற்று. தோட்டாவை இஷ்டத்துக்கு வாங்க முடியாது; வாங்குவது லைசென்ஸ் புத்தகத்திலும் ஏறும், எங்கள் பதிவேட்டிலும் ஏறும். கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுட்டால் ஜெயில் என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆகவே பீரோவில் இருக்கும் இரட்டைக் குழல் துப்பாக்கியை வைத்துக்கொண்டு ஒருவர் செய்யக்கூடிய ஒரே காரியம், அதைத் துடைப்பது. துடைத்துத் துடைத்து அந்தப் பழக்கம் வீட்டிலுள்ள மற்ற சாமான்களுக்கும் தாவிவிடுகிறது என்பது என் அனுமானம்.

துடைப்பதும் லேசுப்பட்ட வேலை இல்லை. சென்னைக் காற்றில் உப்பு இருக்கிறது. பெசன்ட் நகரிலும் சாந்தோமிலும் இருப்பவர்கள் ஒரு மழைக்காலம் அசந்தால் போதும், குழலுக்குள் செம்புள்ளி விழுந்துவிடும். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், ஓய்வுபெற்ற டாக்டர், துடைக்கும் விதத்தைக் கடையிலேயே செய்து காட்டுவார். முதலில் பித்தளைப் பிரஷ்ஷை ராடில் மாட்டி, குழலின் பின்பக்கத்திலிருந்து உள்ளே விட்டு, நடுவில் நிறுத்தாமல் ஒரே தள்ளு. பிறகு துணி. அந்தத் துணி பழைய வேட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் கறாராக இருப்பார். பலமுறை துவைத்து நைந்த மல் வேட்டி நூல் உதிர்க்காதாம், எண்ணெயையும் அளவாகக் குடிக்குமாம். முதல் துண்டு கறுப்பாக வரும், அடுத்தது சாம்பல் நிறம், அதற்கடுத்தது மஞ்சள். வெள்ளையாக வரும்வரை விடமாட்டார். கடைசியில் குழலை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். உள்ளே வளையம் வளையமாக வெளிச்சம் போகும். "பாருங்க, பாருங்க" என்று எல்லோரையும் கூப்பிடுவார். துப்பாக்கியின் மரக் கட்டைக்கு ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையில் விட்டுச் சூடு வரும்வரை தேய்ப்பார். அழகான தோல் உறையில் நிரந்தரமாகப் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்துவைத்துக்கொண்டு இரும்பைத் தின்றுவிடும் என்று அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். செருப்புக் கடைப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துவைப்பது இவர்கள் எல்லோருக்கும் பொதுவான வியாதி.

ஆயுத பூஜைக்கு அடுத்த வாரம் எங்களுக்குக் கொஞ்சம் கூட்டம். பூஜையில் வைத்து, குழலிலும் தோட்டாவைத் தட்டும் குதிரையிலும் ஈரச் சந்தனத்தை அப்பி, பொட்டு வைத்து, அப்படியே மறந்திருப்பார்கள். சந்தனம் உதிர்ந்ததும் அடியில் வட்டமாகத் துரு. எங்கள் மிஸ்திரி திருவல்லிக்கேணிக்காரர். எல்லோருக்கும் அவர் பாய். ஒவ்வொரு வருஷமும் அதே ஆட்களிடம், "சார், பூவைப் போடுங்க, மாலை போடுங்க, சந்தனத்தை மட்டும் கட்டையில வைங்க" என்பார். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. குடகிலிருந்து வந்து இங்கே குடியேறிய ஒருவர், அவர்கள் ஊரில் செப்டம்பரில் வரும் கைல்போது பண்டிகையில் பூவைச் செருகித்தான் கும்பிடுவோம் என்று சொல்லி பாய் பக்கம் சேர்ந்துகொண்டார். கொடவர்களுக்கு லைசென்ஸ் விலக்கு உண்டு என்பதை அவர் சொன்னபோது பெஞ்சில் இருந்தவர்கள் விட்ட பெருமூச்சை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

பாயைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 2015 டிசம்பரில் அடையாறு பொங்கியபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டைப் பக்கம் தரைத்தள வீடுகளில் பீரோவோடு துப்பாக்கிகளும் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் ஒவ்வொருவராக வந்தார்கள். குழலுக்குள் சேறு, லைசென்ஸ் புத்தகத்தில் மை கரைந்த பக்கங்கள். பாய் கட்டையைத் தனியே கழற்றி, சேற்றை நல்ல தண்ணீரில் அலசி, மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, எண்ணெய் போட்டு வரிசையாக வைத்தார். கட்டைகளை வெயிலில் காயவைக்கக் கூடாது, வெடித்துவிடும் என்று உள் அறையில் மின்விசிறிக்குக் கீழே சாத்தினார். துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் மறுநாள் வேறு பையோடு வந்தார்கள். ஒருவர் வால்வு ரேடியோ, ஒருவர் சாவி கொடுக்கும் சுவர்க்கடிகாரம், ஒருவர் தூண்டில் ரீல், இன்னொருவர் அப்பாவின் டைப்ரைட்டர். "பாய், இதையும் ஒரு பார்வை பாருங்களேன்." அந்த மாதம் எங்கள் பட்டறையைப் பார்த்தவர்கள் எரிந்துபோன பழைய சாமான் சந்தை மூர் மார்க்கெட் திரும்பவும் திறந்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். யாருக்கும் பில் போடவில்லை. எந்தத் தலைப்பில் போடுவது என்று எனக்கும் தெரியவில்லை.

அதே 2019 திருத்தத்தில் இன்னொரு சங்கதியும் இருந்தது. லைசென்ஸ் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக நீண்டது. ஆனால் ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்பது இரண்டாகக் குறைந்தது. மூன்றாவதை ஒப்படைக்க ஓராண்டு அவகாசம். எதை விடுவது என்று பெஞ்சில் நடந்த விவாதங்களைக் கேட்டபோதுதான் எனக்கு இந்த மனிதர்கள் ஓரளவு புரிந்தார்கள். ஏற்காட்டில் எஸ்டேட் வைத்திருப்பவர் ஒருவரிடம் மூன்று இருந்தன. இரண்டு நல்ல நிலையில் இருப்பவை. மூன்றாவது தாத்தா வாங்கிய பெல்ஜியம் துப்பாக்கி, வெளியே குதிரை வைத்தது, டமாஸ்கஸ் குழல். இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றி அடித்த குழல் அது. மேலே நீரோட்டம் மாதிரிக் கோடுகள் தெரியும். கரிமருந்துக் காலத்தில் செய்தது. இன்றைய தோட்டாவைப் போட்டால் குழல் வெடிக்க வாய்ப்புண்டு என்பதால் பாய் அதில் தோட்டா போடவே கூடாது என்று எழுதியே கொடுத்திருந்தார். சுட முடியாத அதைத்தான் அவர் விடுவார் என்று நான் நினைத்தேன். அவர் ஒப்படைத்தது, சுடக்கூடிய இரண்டில் புதியதை. "அது யார்கிட்டயும் கிடைக்கும் சார்" என்றார். எனக்கு அப்போது அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. எண்பதுகளின் நடுவிலிருந்து பொதுமக்கள் வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்யும் வழி அடைபட்டுவிட்டதால் அந்தப் பழசுக்கு மதிப்பு கூடியிருக்கிறது என்று ஒரு கணக்குப்பிள்ளையின் மூளை சமாதானம் சொல்லிக்கொண்டது. அவர் விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

தேர்தல் வந்தால் பெஞ்சு நிரம்பும். நடத்தை விதி அமலுக்கு வந்ததும் விலக்கு இல்லாதவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ எங்களைப் போன்ற லைசென்ஸ் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். ரசீது எழுத நேரமாகும். அந்த நேரத்தில்தான் நாய்ப் பேச்சு உச்சத்துக்குப் போகும். முயல் வேட்டைக்கென்றே வளர்த்த சிப்பிப்பாறையும் கன்னியும் ஒரு கட்சி, ராஜபாளையம் எதிர்க்கட்சி. வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு என்று ராஜபாளையத்தை ஒருவர் வர்ணித்தால், "அதுல பாதிக்குக் காது கேக்காது சார், குட்டியிலயே தட்டிப் பாத்து வாங்கணும்" என்று இன்னொருவர் வெட்டுவார். பாதி என்பது கட்சிக்காரர் கணக்கு. ஆனால் அந்த இனத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பது உண்மைதான். அண்ணா நகர் மூன்றாம் மாடியில் சிப்பிப்பாறை வளர்ப்பது பாவம் என்று ஒருவர் சொல்லப்போக, அதையே செய்துகொண்டிருந்த மற்றவர் ரசீதுகூட வாங்காமல் எழுந்து போனார். மறுநாள் வந்து வாங்கிக்கொண்டார்.

இந்தப் பெஞ்சில் இன்னொரு வகையினரும் உட்காருவார்கள். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றுக் காவல் வேலைக்கு வந்தவர்கள். சொந்தமாக லைசென்ஸும் ஒரு 12 போர் (குழல் அளவு) துப்பாக்கியும் இருந்தால்தான் கன்மேன் வேலை, கன்மேன் சம்பளம். மற்றவர்களுக்குப் பொழுதுபோக்காக இருப்பது இவர்களுக்கு முதலீடு. ஒருவர் காரில் உறையோடு கொண்டுவரும் அதே சாமானை இவர்கள் துணிப்பையில் சுற்றி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். பெஞ்சில் எல்லோரும் சமம் என்று நான் எழுதப்போவதில்லை. எஸ்டேட்காரர் வந்தால் இவர்கள் எழுந்து ஓரமாக நகர்ந்து இடம் விடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டை, வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர், அங்கிருந்து வரும் ஹவில்தார் சார் வாயைத் திறந்துவிட்டால் எஸ்டேட்காரர்தான் கேட்டுக்கொண்டிருப்பார். வீட்டில் கன்னி நாய் வைத்திருப்பவர் அவர். குட்டிக்கு எந்த வயதில் கேழ்வரகுக் கூழ், எந்த வயதில் ஓட்டம், வயிறு ஒட்டி இருப்பதற்கும் பட்டினி கிடப்பதற்கும் வித்தியாசத்தை விலா எலும்பில் கைவைத்து எப்படிக் கண்டுபிடிப்பது என்று பாடமே எடுப்பார். துப்பாக்கியை அவர் துடைப்பதிலும் ஒரு வேகம் உண்டு. கதை கிடையாது, வேட்டித் துணித் தத்துவம் கிடையாது. பட்டாளத்தில் பழகிய கை. டாக்டர் முதல் துணியை எடுப்பதற்குள் இவர் முடித்து மாட்டியிருப்பார். டாக்டருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

பறவைக்காரர்கள் கதை வேறு. வேட்டை நின்றபோது வாலிபத்தில் இருந்தவர்கள் சிலர் பைனாகுலருக்கு மாறியிருக்கிறார்கள். சாலிம் அலியே சின்ன வயதில் ஏர் கன்னால் சுட்ட ஒரு சிட்டுக்குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறத்தைப் பார்த்து, அது என்ன குருவி என்று கேட்கப் போய்த்தான் பறவை ஆராய்ச்சிக்குள் வந்தார் என்பதை எங்கள் கடையில் சொல்லாத ஆள் இல்லை. தங்களுக்கும் அதில் ஒரு மன்னிப்பு இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள் போல. ஒருகாலத்தில் நெல் வயலில் உள்ளான் பறவையைச் சுட்டவர், இன்று பள்ளிக்கரணைச் சதுப்பில் பைனாகுலரோடு நிற்கிறார். இறகு நிறம் தெரியாத தூரத்தில், கிளம்பும் விதத்தையும் வளைந்து வளைந்து பறப்பதையும் வைத்தே பேர் சொல்லிவிடுவார். அந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்று கூட வரும் இளைஞர்களிடம் அவர் சொல்வதில்லையாம். வேடந்தாங்கலில் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஊர்க்காரர்கள், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவையைச் சுடுகிறார்கள் என்று கலெக்டரிடம் முறையிட்டு ஏரிக்குப் பாதுகாப்பு வாங்கியிருக்கிறார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் கணக்கு. இதை நான் சொன்னதும் அவர், "நான் அந்த ஊர்ல பொறந்திருந்தா கட்டி வச்சு உதைச்சிருப்பாங்க" என்று சிரித்தார்.

சமீப வருஷங்களில் வருகிற கூட்டமே மாறிவிட்டது. ஸ்போர்ட்ஸ் ஷூட்டிங் பிள்ளைகள். சென்னையில் பிறந்த ககன் நரங் 2012 லண்டனில் வெண்கலம் வாங்கியதிலிருந்தே விசாரிப்பு தொடங்கிவிட்டது. புதுக்கோட்டைப் பிருத்விராஜ் தொண்டைமான் 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப், அதாவது பறக்கும் தட்டைச் சுடும் போட்டிக்குப் போனபோது எஸ்டேட்காரர்கள் என்னவோ சொந்த மருமகனே போன மாதிரி பேசிக்கொண்டார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு டமாஸ்கஸும் தெரியாது, தாத்தாவும் வேண்டாம். பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9. பேச்செல்லாம் 10.3, 9.8 என்று தசமத்தில் போகும். விறைப்பான கேன்வாஸ் கோட்டுக்குள் சென்னை வெயிலில் நின்று மூச்சை அடக்குவதைப் பற்றிப் பேசுவார்கள், அல்லது போனைப் பார்ப்பார்கள். டாக்டர் தன் முறையில் துடைத்துக் காட்ட ஆரம்பித்தால், "அங்கிள், பெல்லட்டுக்கு இவ்ளோ வேணாம்" என்று ஒரு பெண் நேராகவே சொல்லிவிட்டது. டாக்டர் அசரவில்லை. இந்த வயதில் ஏர் பிஸ்டலில் பெயர் கொடுத்து ரேஞ்சுக்குப் போகிறார். கை நடுக்கம் பிரச்சினை இல்லை, காபியை விட்டதுதான் கஷ்டம் என்கிறார்.

பிள்ளைகள் பெஞ்சில் உட்காருவதில்லை. கூட வரும் அம்மாக்கள் உட்காருகிறார்கள். முதலில் டியூஷன், பள்ளி லீவு, மேட்ச் நடக்கும் ஊருக்கு ரயில் டிக்கெட் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தவர்கள், பாய் ஒரு கடிகாரத்தைக் கழற்றி வைத்திருப்பதைப் பார்த்துவிட்டார்கள். போன மாதம் ஓர் அம்மா மகளின் ரைஃபிள் பையோடு ஒரு மிக்ஸியையும் தூக்கிக்கொண்டு வந்தார். கேட்கக் கொஞ்சம் கூச்சம். பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"கப்ளர் தேஞ்சிருக்கும்மா. சனிக்கிழமை வாங்கிக்கங்க."