ஆய்வு மேசையிலிருந்து கொண்டுவந்தவை

முனைவர் பட்ட ஆய்வின்போது மூன்று வாரங்களாக என் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் (புரதங்களைப் பிரித்து ஒரு சவ்வுக்கு மாற்றி, தேடும் புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை) எதிர்பார்த்த பட்டை தெரியவில்லை. ஒரு தடவைக்கு ஒரு காரணியை மட்டும் மாற்றி, தேடும் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதத்தின் கரைசலை 1:1000 என்ற நீர்ப்பு அளவிலிருந்து 1:500 ஆக்கியது உட்பட ஒவ்வொன்றையும் தேதியிட்டுக் குறிப்பேட்டில் எழுதிய பிறகே, புரதம் சவ்வுக்குச் சரியாக மாறவில்லை என்பது பிடிபட்டது. சிக்கலைப் பிரித்துப் பார்க்கும் அந்தப் பொறுமைதான், பின்னாளில் மருந்துச் சோதனைத் தரவுகளைச் சரிபார்க்கும் வேலையில் எனக்குக் கைகொடுத்தது. ஆனால் தற்குறிப்பில் நான் எழுதியிருந்தவை கருவிகளின் பெயர்கள் மட்டுமே; அதைச் சுட்டிக்காட்ட அப்போது எவரும் இல்லை.

அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள், ஆய்வு மாணவர்களைப் பலவகைப் பணிகளுக்கும் ஆயத்தப்படுத்தும் 'பெஸ்ட்' திட்டத்துக்கு 2013-இல் நிதி வழங்கத் தொடங்கின. அத்தகைய பயிற்சி முதலாண்டிலேயே கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.