எகிப்தியப் போர்களை எப்படிப் படித்தேன்: எம்.ஏ. வரலாறு எழுதுகிறவர்களுக்கு

பண்டைய நாகரிகங்கள் தாளில் எகிப்து அலகு வந்தால் பிரமிடு, மம்மி, சித்திர எழுத்து, நைல் நதி என்று நான்கு தலைப்பில் பலரும் முடித்துவிடுகிறார்கள். போர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு, அவ்வளவுதான். நான் வேலைக்குப் போய்க்கொண்டே தொலைநிலைக் கல்வியில் படித்தவள். இருக்கிற நேரத்தில் எதைப் படித்தால் நாலு கேள்விக்கு உதவும் என்று பார்த்துத்தான் படிக்க முடிந்தது. அந்தக் கணக்கில் எனக்கு அதிகம் கைகொடுத்தது போர்கள் பகுதிதான். வணிகம், நிர்வாகம், கோயில்களின் செல்வம், அயலுறவு என்று எதைக் கேட்டாலும் ஒரு போரைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குள் நுழைந்துவிடலாம்.

ஆனால் இதைப் படிக்க ஒரு முறை வேண்டும். எகிப்தியப் போர்களைப் பற்றி நமக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி, அரசனே கோயில் சுவரில் வெட்டிவைத்தது. அதில் பார்வோன் தோற்கவே மாட்டான். கி.மு. 3100 வாக்கில் செய்யப்பட்ட நார்மர் பலகையைப் பாருங்கள். அரசன் எதிரியின் முடியைப் பிடித்துக்கொண்டு கதாயுதத்தை ஓங்கி நிற்கிறான். அதே நிலையில் அரசர்களைச் செதுக்குவது ரோமர் காலக் கோயில்கள் வரை, மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தது. அப்படியானால் அந்தச் சிற்பம் அரசன் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறதே தவிர, குறிப்பிட்ட ஒரு நாளில் என்ன நடந்தது என்று சொல்வதில்லை. அதனால் ஒவ்வொரு போரையும் படிக்கும்போது ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டேன்: சண்டை முடிந்த பிறகு அந்த ஊர் யார் கையில் இருந்தது? நோட்டில் இடப்பக்கம் கல்வெட்டு சொல்வதை எழுதுவேன், வலப்பக்கம் இந்தக் கேள்விக்கான பதிலை எழுதுவேன். பதில் எழுதும்போது வரும் "விமர்சன நோக்கில் ஆராய்க" என்ற வரிக்கு, அந்த வலப்பக்கமே போதும்.

முதலில் தெற்கு. எகிப்துக்குத் தெற்கே, இன்றைய சூடான் பக்கம் இருந்த நூபியாவில் தங்கம் இருந்தது, ஆப்பிரிக்க உள்நாட்டிலிருந்து தந்தமும் கருங்காலியும் வரும் வழியும் அதுதான். மத்திய அரசு (Middle Kingdom) என்று சொல்லப்படும் காலத்தில் மூன்றாம் செனுஸ்ரெத் நைலின் இரண்டாம் அருவிப் பகுதியில் கோட்டைகளை வரிசையாகப் பலப்படுத்தினான். செம்னாவில் அவன் நட்ட எல்லைக்கல்லில், இந்த எல்லையைக் காக்கிறவனே என் மகன், காக்கப் போராடாதவன் என் மகன் இல்லை என்ற பொருளில் எழுதியிருக்கிறது. கம்பீரமான வாசகம். சரி, அப்புறம் என்ன ஆயிற்று? மத்திய அரசு தளர்ந்ததும் அங்கே இருந்த புஹென் கோட்டை, நூபியாவின் குஷ் நாட்டு அரசனின் கைக்குப் போனது. அங்கேயே தங்கிவிட்ட எகிப்தியக் குடும்பங்களில் ஒருவனான செபெத்ஹோர், குஷ் அரசனின் மனம் நிறையும்படி ஹோரஸ் கோயிலைக் கட்டியதாகத் தன் கல்லில் பெருமையாகப் பொறித்திருக்கிறான். இந்த இரண்டு கற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினால் எகிப்து–நூபியா உறவு பற்றிய கேள்விக்கு வேறு எடுத்துக்காட்டு தேடவே வேண்டாம். புஹென் இன்று அஸ்வான் உயர் அணையின் நீர்த்தேக்கத்துக்குள் கிடக்கிறது.

அடுத்தது ஹிக்சோஸ், அதாவது ஆசியாவிலிருந்து வந்து வட எகிப்தை ஆண்டவர்கள். "ஹிக்சோஸ் ஆட்சியின் விளைவுகள்" என்ற கேள்விக்குக் குதிரை, போர்த்தேர், கூட்டு வில் என்று மூன்று சொல்லை எழுதிவிட்டு வந்துவிடாதீர்கள். இந்தப் பகுதியில் மனிதர்கள் கண்முன் நிற்கிறார்கள். வடக்கே கழிமுகத்தில் அவாரிஸ் நகரில் ஹிக்சோஸ் அரசர்கள், தெற்கே குஷ், நடுவில் எகிப்திய அரசர்களின் தீப்ஸ். தீப்ஸ் அரசன் செக்கனென்ரே தாவோவின் மம்மி தேர் எல்-பஹ்ரி என்ற இடத்தில், அரச மம்மிகளை ஒளித்துவைத்திருந்த, 1881-ல் வெளிவந்த மறைவிடத்தில் கிடைத்தது. நெற்றியிலும் முகத்திலும் ஆழமான வெட்டுகள். மண்டையில் உள்ள ஒரு காயத்தின் வடிவம் ஆசிய வகைக் கோடரியின் அலகோடு பொருந்துகிறது. 2021-ல் வெளியான சி.டி. ஸ்கேன் ஆய்வு, அவன் கைகள் கட்டப்பட்ட நிலையில் கொல்லப்பட்டிருக்கலாம் என்கிறது. எந்தக் கோயில் சுவரும் சொல்லாத செய்தியை அந்த உடல் சொல்கிறது. நான் படித்த எகிப்தியச் சான்றுகளிலேயே என்னை அதிகம் உலுக்கியது இதுதான்.

அவனுக்குப் பின் வந்த காமோஸ் தீப்ஸின் கர்னாக் கோயிலில் நட்ட கல்லில் ஒரு அருமையான தகவல் இருக்கிறது. ஹிக்சோஸ் அரசன் அபெபி, குஷ் அரசனுக்கு எழுதிய கடிதத்தைப் பாலைவனச் சோலை வழியிலேயே காமோஸின் ஆட்கள் மடக்கிப் பிடித்தார்கள். வடக்கும் தெற்கும் கை கோத்தால் தீப்ஸின் கதி என்ன என்பது அதிலிருந்து புரியும். போரை முடித்தவன் முதலாம் அஹ்மோஸ். இங்கே முக்கியம் என்னவென்றால், அவாரிஸ் வீழ்ந்ததை நமக்குச் சொல்வது ஒரு சாதாரணப் படைவீரன். எபானாவின் மகன் அஹ்மோஸ் என்ற அந்தக் கப்பல்படை வீரனின் கல்லறை எல்-காப்பில் இருக்கிறது. கொன்ற எதிரியின் கையை வெட்டிக் கொண்டுவந்து காட்டியதையும், அதற்கு வீரப் பரிசாகத் தங்கம் பெற்றதையும் சுவரில் எழுதிவைத்திருக்கிறான். அவாரிஸுக்குப் பிறகு பாலஸ்தீனத்தின் தெற்கே ஷாருஹெனை மூன்று ஆண்டுகள் முற்றுகையிட்டதும் அவன் சொல்லித்தான் தெரியும். எகிப்து தன் எல்லைக்கு வெளியே ஆசியாவில் காலூன்றத் தொடங்கிய இடம் அது. புதிய அரசு (New Kingdom) காலத்தின் பேரரசுக் கொள்கை பற்றிய பதிலை நான் எப்போதும் ஷாருஹெனில்தான் தொடங்குவேன்.

அடுத்து பாலஸ்தீனத்தில் நடந்த மெகிட்டோ போர், மூன்றாம் துத்மோஸின் 23-ம் ஆட்சியாண்டு, கி.மு. 1457 வாக்கில். ஆண்டுகளைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எகிப்தியக் காலவரிசை புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். பழைய புத்தகங்களில் பத்து இருபது ஆண்டுகள் முன்னதாகவே இருக்கும். அதற்காகப் பயப்பட வேண்டாம். "வாக்கில்" என்று போட்டு, பக்கத்தில் ஆட்சியாண்டையும் எழுதிவிடுங்கள். ஆட்சியாண்டு கல்வெட்டிலேயே இருப்பது, அது மாறாது. பெயர்களும் அப்படித்தான், துத்மோஸ் என்றோ தட்மோஸ் என்றோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடைத்தாளின் கடைசிவரை அதையே எழுதுங்கள்.

மெகிட்டோவில் காதேஷ் அரசன் தலைமையில் கூட்டணி திரண்டிருந்தது. அங்கே போக மூன்று வழிகள். அரூனா கணவாய் வழி மிகக் குறுகலானது. குதிரைக்குப் பின் குதிரை, ஆளுக்குப் பின் ஆள் என்று போக வேண்டியிருக்கும், முன்படை சண்டை போடும்போது பின்படை அரூனாவிலேயே நிற்கும் என்று தளபதிகள் மறுத்தார்கள். துத்மோஸ் அந்த வழியைத்தான் எடுத்தான். எதிரிகள் மற்ற இரண்டு வழிகளைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அது பலித்தது. 1918-ல் பிரிட்டிஷ் தளபதி ஆலன்பி துருக்கியருக்கு எதிராக இதே கணவாயைப் பயன்படுத்தினார்.

இந்தப் போரில் நான் கோடிட்டு வைத்திருந்த இடம் வேறு. எதிரிகள் ஓடியதும் எகிப்தியப் படை துரத்தாமல், விட்டுப்போன பொருள்களைக் கொள்ளையடிக்க நின்றுவிட்டது. நகர வாயிலை மூடிவிட்டதால் ஓடிவந்த தலைவர்களை உள்ளே இருந்தவர்கள் துணியைப் பிடித்து மதில்மேல் இழுத்தார்கள். விளைவு, ஏழு மாத முற்றுகை. படை கொள்ளைக்காக நின்றுவிட்டதை மறைக்காமல் சொல்வது துத்மோஸின் கர்னாக் குறிப்புகளே. கொள்ளைப் பட்டியலும் அதே சுவரில் இருக்கிறது: 924 தேர்கள், 2,041 பெண்குதிரைகள், 200 கவசங்கள், 502 விற்கள், 340 கைதிகள், வெட்டிய கைகள் 83. தேர்களும் குதிரைகளும் அத்தனை, கைகள் மட்டும் 83. களத்தில் செத்தவர்கள் குறைவு, தப்பியவர்கள் அதிகம் என்பதைப் பட்டியலே காட்டிக்கொடுக்கிறது. தன் கேள்விக்கான பதிலைத் தானே தரும் சான்று என்பதால், மெகிட்டோவை நம்பி எழுதலாம். ஊர் எகிப்தின் கைக்கு வந்தது, அங்கேயே நிலைத்தது.

காதேஷுக்கு வருவோம். கேள்வித்தாளில் எகிப்தியப் போர் என்று ஒன்று வந்தால் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும், அதனால் நேரம் ஒதுக்கிப் படியுங்கள். கி.மு. 1274 வாக்கில், இரண்டாம் ராம்செஸின் 5-ம் ஆட்சியாண்டு. எதிரே இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட்டுகளின் அரசன் முவாத்தல்லி. இடம் இன்றைய சிரியாவில் ஒரோண்டஸ் ஆற்றங்கரை. எகிப்தியப் படை அமுன், ரே, ப்தா, சேத் என்று கடவுள்களின் பெயரில் நான்கு பிரிவு. ராம்செஸ் அமுன் பிரிவோடு முன்னால் போகிறான். வழியில் இரண்டு ஷாசு நாடோடிகள் வந்து, ஹிட்டைட் அரசன் இன்னும் அலெப்போ பக்கம்தான் இருக்கிறான், உங்களுக்குப் பயந்து தெற்கே வரவில்லை என்கிறார்கள். அவர்கள் முவாத்தல்லி அனுப்பிய ஆட்கள். பிறகு பிடிபட்ட உண்மையான ஒற்றர்களை அடித்துக் கேட்டபோதுதான், ஹிட்டைட் படை காதேஷுக்குப் பின்னாலேயே தயாராக நிற்கிறது என்று தெரிகிறது. ஒற்றர்களை அடிக்கும் காட்சியையும் சிற்பமாகச் செதுக்கியிருக்கிறார்கள். அதற்குள் ஹிட்டைட் தேர்கள் ஆற்றைக் கடந்து, நடந்து வந்துகொண்டிருந்த ரே பிரிவைப் பக்கவாட்டில் உடைத்துவிட்டன. எகிப்தியத் தேரில் இருவர், ஹிட்டைட் தேரில் மூவர். முதல் தாக்குதலில் 2,500 தேர்கள் வந்தன என்று எகிப்தியக் கணக்கு சொல்கிறது.

கல்வெட்டுப்படி, ராம்செஸ் தனி ஒருவனாக நின்றான், அமுனை அழைத்தான், எதிரிகளை ஆற்றில் தள்ளினான். ஆபிதோஸ், கர்னாக், லக்சர், ராமெசியம், அபு சிம்பெல் என்று பல கோயில்களில் இதைச் செதுக்கிவைத்தான். ராமெசியம் சிற்பத்தில் ஒரு காட்சியை அவசியம் படமாகத் தேடிப் பாருங்கள். ஆற்றிலிருந்து இழுத்துப் போடப்பட்ட அலெப்போ அரசனை, குடித்த தண்ணீர் வெளியே வர அவன் வீரர்கள் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். ஒருமுறை பார்த்தால் காதேஷ் போரில் யார் எந்தக் கரையில் இருந்தார்கள் என்பது மறக்காது. அரசனைக் காப்பாற்றியது, கடற்கரைப் பக்கத்திலிருந்து சரியான நேரத்தில் வந்துசேர்ந்த நெயாரின் என்ற தனிப்படை என்பதும் அதே சிற்பங்களின் குறிப்பில் இருக்கிறது. கல்வெட்டுக் கவிதை அரசனின் வீரத்தைப் பாட, ஓரத்துக் குறிப்பு உண்மையைச் சொல்லிவிடுகிறது. பதிலில் நெயாரினைக் குறிப்பிடாமல் விடாதீர்கள்.

இப்போது வலப்பக்கம். காதேஷ் ஹிட்டைட்டுகளிடமே இருந்தது. எகிப்து பக்கம் வந்திருந்த அமுர்ரு நாடும் அவர்களிடம் திரும்பிப் போனது. அதன் அரசன் பெந்தெஷினாவைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். டமாஸ்கஸ் பகுதி வரை ஹிட்டைட் படை வந்தது. ஹிட்டைட் தலைநகர் ஹட்டுசாவில் கிடைத்த ஆவணங்கள் முவாத்தல்லி வென்றதாகச் சொல்கின்றன. "காதேஷில் வென்றது யார்?" என்று கேட்டால், களத்தில் ராம்செஸ் அழிவிலிருந்து தப்பினான், போரின் நோக்கத்தில் முவாத்தல்லி வென்றான் என்பதே என் பதில். பல புத்தகங்கள் சமநிலை என்று எழுதுகின்றன. அமுர்ரு கைமாறியதைப் பார்த்த பிறகு எனக்கு அது சரியாகப் படவில்லை.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, கி.மு. 1259 வாக்கில், ராம்செஸும் ஹிட்டைட் அரசன் மூன்றாம் ஹட்டுசிலியும் செய்த உடன்படிக்கை தனிக் கேள்வியாகவே வரும். அசீரியா வளர்ந்துகொண்டிருந்தது. ஹட்டுசிலியால் அரியணை இழந்த அண்ணன் மகன் எகிப்தில் அடைக்கலம் புகுந்திருந்தான். இந்த இரண்டு காரணங்களையும் எழுதுங்கள். வெள்ளித் தகட்டில் பொறித்த மூலம் கிடைக்கவில்லை. எகிப்திய வடிவம் கர்னாக் சுவரில் இருக்கிறது, அக்காடிய மொழி வடிவம் 1906-ல் ஹட்டுசாவில் களிமண் பலகையாகக் கிடைத்தது. படையெடுப்பதில்லை, மூன்றாவது நாடு தாக்கினால் உதவிக்கு வருவது, ஓடிவந்தவர்களைத் திருப்பி ஒப்படைப்பது ஆகியவை விதிகள். ஒப்படைக்கப்பட்டவனின் வீட்டையும் மனைவி மக்களையும் அழிக்கக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. 3,200 ஆண்டுகளுக்கு முன் இரண்டு பகை அரசர்கள் இப்படி ஒரு வரியைச் சேர்த்தார்கள் என்று படித்தபோது அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. சமாதானம் கேட்டது எதிர்த்தரப்புதான் என்று இரண்டு வடிவங்களும் சொல்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நல்ல மதிப்பெண் கிடைக்கும் இடம் அது.

கடல் வழியாகவும் தரை வழியாகவும் வந்த பல இனத்தவரான கடல் மக்களின் படையெடுப்பை மூன்றாம் ராம்செஸின் 8-ம் ஆட்சியாண்டோடு, மெதினெத் ஹாபு சிற்பங்களை வைத்துச் சுருக்கமாகப் படித்தால் போதும். கப்பல்களோடு, பெண்களும் குழந்தைகளும் ஏறிய மாட்டு வண்டிகளும் அங்கே செதுக்கப்பட்டிருக்கின்றன. வந்தது படை மட்டும் இல்லை, குடிபெயர்ந்த கூட்டமும்தான். வென்றதாகச் சுவர் சொல்கிறது. கழிமுகம் தப்பியது உண்மை. ஆனால் பாலஸ்தீனக் கடற்கரையில் அவர்களில் ஒரு பிரிவான பெலெசெத் மக்கள் குடியேறிவிட்டார்கள், சில பத்தாண்டுகளில் கானான் (பாலஸ்தீனப் பகுதி) முழுவதும் எகிப்தின் கையை விட்டுப் போனது. அதே அரசனின் 29-ம் ஆட்சியாண்டில், தானியக் கூலி வராததால் அரசர் கல்லறைகளைக் கட்டிய தேர் எல்-மெதினா ஊர்த் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கோயில்களுக்கு முன் போய் உட்கார்ந்தார்கள். புதிய அரசின் வீழ்ச்சி என்ற கேள்விக்கு இந்த இரண்டையும் ஒரே பத்தியில் எழுதலாம்.

பிற்காலத்தை ஒரு வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டால் போதும்: கி.மு. 8-ம் நூற்றாண்டில் குஷ் அரசன் பியே வடக்கே வந்து எகிப்தை வென்றான், 671-ல் அசீரியர் மெம்பிஸைப் பிடித்தார்கள், 663-ல் தீப்ஸைச் சூறையாடினார்கள், 525-ல் பெலூசியத்தில் பாரசீகர் வென்றார்கள், 332-ல் அலெக்சாண்டர் வந்தான்.

வரைபடம் கேட்காவிட்டாலும் ஒன்று போட்டுவிடுங்கள். நைலை ஒரு கோடாக இழுத்து, தெற்கே புஹென், செம்னா, நடுவில் தீப்ஸ், கழிமுகத்தின் கிழக்கே அவாரிஸ், அங்கிருந்து கடற்கரையை ஒட்டி மேலே ஷாருஹென், மெகிட்டோ, இன்னும் வடக்கே காதேஷ் என்று ஏழு புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் ஆட்சியாண்டு தெரிந்தால் ஆட்சியாண்டு, தெரியாவிட்டால் அரசன் பெயர். பென்சிலில் ஐந்து நிமிட வேலை, பரீட்சைக்கு முன் வீட்டிலேயே கை பழகும் வரை போட்டுப் பாருங்கள்.