பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: என் குறிப்புக் கோப்பிலிருந்து

அலமாரியில் ஒரு லேப்டாப் தூங்கிக்கொண்டிருந்தது. 2012 வாக்கில் வாங்கியது. இரண்டு கோர், 4 ஜிபி ரேம், நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். அதில் இருந்த விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. தூக்கிப் போட மனசில்லை. எனக்கு வேண்டியதும் பெரிதாக ஒன்றுமில்லை: தமிழில் எழுத வேண்டும், நாலு இணையப் பக்கம் திறக்க வேண்டும், பழைய கோப்புகளைப் படிக்க வேண்டும். சரி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

இறங்கும்போதே வேறொரு கணினியில் ஓர் எளிய உரைக்கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டேன். என்ன செய்தேன், என்ன பிழை வந்தது, எது சரிசெய்தது என்று அந்தந்த நேரத்தில் ஒரு வரி. அந்தக் கோப்பைத்தான் இங்கே கொஞ்சம் சீவி சிங்காரித்துத் தருகிறேன்.

முதல் மாலை

எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸின் வெவ்வேறு தொகுப்புகளில் ஒன்று) என்று இரண்டு நாள் படித்தது வீண் வேலை. கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, எல்லாவற்றிலும் லினக்ஸ்தான். டெஸ்க்டாப்பும், பேக்கேஜ் (நிரல் தொகுப்பு) போடும் முறையும், புதுப்பிப்பு வரும் வேகமும்தான் மாறும். 4 ஜிபி ரேமுக்கு இலேசான டெஸ்க்டாப் வேண்டும் என்பதால் லினக்ஸ் மின்ட் 22-இன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுத்தேன். அது உபுண்டு என்ற இன்னொரு டிஸ்ட்ரோவின் 24.04 பதிப்பை அடிப்படையாகக் கொண்டது. அதனால் உபுண்டுக்காரர்களுக்குச் சொல்லப்பட்ட பதில்கள் பெரும்பாலும் இதற்கும் பொருந்தும். 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும். இந்த இரண்டு காரணமே எனக்குப் போதுமாக இருந்தது.

நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பு (ஒரு டிஸ்க்கின் முழு உருவம்) கிட்டத்தட்ட 3 ஜிபி. இறக்கி முடித்ததும் பென்டிரைவில் சாதாரணக் கோப்பு மாதிரி நகலெடுத்துப் போட்டேன். லேப்டாப் கண்டுகொள்ளவே இல்லை. ஐஎஸ்ஓவைக் கோப்பாகப் போட்டால் போதாது, பென்டிரைவ் முழுவதற்கும் உருவமாக எழுத வேண்டும். இது எனக்குப் படித்துத் தெரிந்த விஷயம்தான், கை மட்டும் பழக்கத்தில் போய்விட்டது.

முறையாக எழுதிய பிறகும் பாதி பூட்டில் (கணினி தொடங்கும்போதே) நின்றது. அப்போதுதான் செக்சம், அதாவது கோப்பு கெடாமல் வந்ததா என்று சரிபார்க்கும் எண், ஞாபகம் வந்தது. இறக்கிய கோப்பின் ஷா-256 எண்ணைக் கணக்கிட்டு, பதிவிறக்கப் பக்கத்தில் கொடுத்திருப்பதோடு ஒப்பிட வேண்டும். 64 எழுத்து. முதல் நாலும் கடைசி நாலும் பார்த்தால் போதும் என்று நினைத்தேன். முதல் எழுத்திலேயே வேறாக இருந்தது! நடுவில் இணையம் அறுந்து அறுந்து வந்ததில் கோப்பு கெட்டிருக்கிறது. மறுபடி இறக்கினேன், எண் பொருந்தியது, பூட் ஆனது. இரண்டு மணி நேரம் போச்சு. ஒரு நிமிட வேலையைத் தள்ளிப்போட்டதற்குக் கூலி.

இரண்டாம் மாலை: நிறுவாமல் பார்த்தது

பென்டிரைவிலிருந்தே ஓடவிட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறதே, அதை நிறையப் பேர் அவசரத்தில் தாண்டிவிடுகிறார்கள். நான் ஒரு மாலை முழுக்க அதிலேயே இருந்தேன். ஒலி வருகிறதா, திரை வெளிச்சம் கூடிக் குறைகிறதா, கேமரா தெரிகிறதா, டச்பேடில் இரண்டு விரல் இழுத்தால் நகர்கிறதா. எல்லாம் சரி. வைஃபை மட்டும் இல்லை. பட்டியலில் ஒரு பெயரும் வரவில்லை.

பயப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் காரணம் எளிது. என் லேப்டாப்பில் இருக்கும் வைஃபை சில்லுக்கு, அதைச் செய்தவர்கள் மூலநிரலை வெளியிடாமல் தரும் மூடிய டிரைவர்தான் (சாதனத்தை இயக்கும் நிரல்) சரியாக வேலை செய்கிறது. அது தானாக ஏற்றப்படுவதில்லை. டிரைவரைப் போட இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும். முட்டையா கோழியா கதை. போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி போனின் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் டெதரிங்கைப் போட்டேன். எதையும் நிறுவாமலே கம்பி வழி இணைப்பு மாதிரி எடுத்துக்கொண்டது. அப்புறம் டிரைவர் மேலாளர் என்ற கருவியைத் திறந்தால், சில்லின் பெயரோடு ஒரு வரி காத்திருந்தது. டிக் செய்தேன், மூன்று நிமிடத்தில் அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் வரிசையாக வந்தன.

குறிப்புக் கோப்பில் எழுதியது: "வைஃபை வராவிட்டால் முதலில் எல்எஸ்பிசிஐ. சில்லின் சரியான பெயர் இல்லாமல் தேடாதே." எல்எஸ்பிசிஐ என்பது உள்ளே இருக்கும் சில்லுகளைப் பட்டியலிடும் கட்டளை. லேப்டாப் மாடலை வைத்துத் தேடினால் ஒரே மாடலில் வேறு வேறு சில்லு வைத்து விற்றிருப்பார்கள், பதில் பொருந்தாது.

மூன்றாம் மாலை

கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டு, அதைக் கழற்றி வைத்துவிட்டு நிறுவினேன். கழற்றி வைத்தது முக்கியம். இரண்டும் செருகியிருந்தால் நிறுவியின் பட்டியலில் டிஸ்க்குகளின் பெயர் எஸ்டிஏ, எஸ்டிபி என்று வரும். எது எது என்று அந்த நேரத்தில் கண் பூக்கும். நிறுவுவது இருபது நிமிடம், சொல்ல ஒன்றுமில்லை.

நான்கு முதல் ஆறு வரை: தமிழ்

நான் பயந்தது கட்டளைகளைத் தட்டும் டெர்மினலுக்கு. என்னைக் கட்டிப்போட்டது கீபோர்டு.

கீபோர்டு அமைப்பில் போய் லேஅவுட் பட்டியலில் தமிழ்நெட் 99 என்று பார்த்ததும் குஷியாகச் சேர்த்தேன். 'பக்கம்' என்று தட்டினேன். திரையில் 'பககம்' வந்தது. 'தங்கம்', 'தஙகம்' ஆனது. கீபோர்டு கெட்டுவிட்டதா, எழுத்துருவில் கோளாறா என்று ஒரு மணி நேரம் வேறெங்கோ தேடினேன்.

விஷயம் இதுதான். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 முறையில், உயிர் இடக்கையில், மெய் வலக்கையில் என்ற அடுக்கு பாதிதான். மீதிப் பாதி விதிகள். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழ வேண்டும். 'ங'வுக்குப் பின் 'க' வந்தால் 'ங்க' ஆக வேண்டும். ஆனால் அந்த லேஅவுட் பட்டியலில் இருப்பது ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற வெறும் வரைபடம். முன்னால் என்ன தட்டினோம் என்று அதற்கு ஞாபகம் இருக்காது. ஞாபகம் வைத்துக்கொள்ள ஓர் உள்ளீட்டு முறை வேண்டும். ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரலையும் அதற்கான எம்17என் பேக்கேஜையும் நிறுவினேன். உள்ளீட்டு முறை அமைப்பில் ஐபஸ்ஸைத் தேர்ந்தெடுத்து, ஐபஸ் விருப்பங்களில் தமிழ்99-ஐச் சேர்த்தேன்.

அப்படியும் உரைத் திருத்தியில் வரவில்லை! லாக் அவுட் செய்து மீண்டும் உள்ளே வந்ததும் வந்தது. உள்ளீட்டு முறை எது என்ற தகவல் லாகின் நேரத்தில் வைக்கப்படுகிறது, நிரல்கள் அங்கிருந்துதான் அதை வாங்கிக்கொள்கின்றன. முன்பே திறந்திருக்கும் அமர்வுக்கு அது எட்டாது.

இப்போது ப, க, க, ம, புள்ளி என்று ஐந்து தட்டு, 'பக்கம்'. 'வவ்வால்' மட்டும் முதல் வாரம் படுத்தி எடுத்தது. 'வ' இரண்டு தடவை தட்டியதுமே 'வ்வ' ஆகிவிடும். முதல் 'வ'வுக்குப் பிறகு 'அ'வைத் தட்டிப் பிரித்துவிட்டு, மேற்கொண்டு 'வ', 'வ', 'ஆ', 'ல', புள்ளி. வாழ்க்கையில் எத்தனை முறை வவ்வாலைப் பற்றி எழுதப் போகிறேன், இருந்தாலும் கற்றுக்கொண்டேன்.

லிப்ரே ஆஃபிஸ் என்ற அலுவலகத் தொகுப்பில் இன்னொரு சின்ன இடறல். விருப்பங்களில் போய் முன்னிருப்பு எழுத்துருவை நோட்டோ செரிஃப் தமிழ் என்று மாற்றினேன். தமிழ் எழுத்து அப்படியே இருந்தது. அங்கே மேற்கத்திய எழுத்துக்கு ஒரு பட்டியல், தமிழ், இந்தி, அரபு போன்றவற்றுக்கு இன்னொரு பட்டியல். மொழி அமைப்பில் சிக்கலான உரை அமைப்பு என்ற பெட்டியை டிக் செய்தால்தான் இரண்டாவது பட்டியல் கண்ணுக்குத் தெரியும். தமிழைச் 'சிக்கலானது' என்று சொல்லியிருப்பதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். ஆனால் 'கொ' என்ற ஒரே எழுத்தின் கொம்பும் காலும் மெய்யின் இரண்டு பக்கமும் போய் உட்கார வேண்டியிருப்பதைப் பார்த்தால் மறுக்கவும் முடியவில்லை.

இதே வாரத்தில் கிடைத்த புதையலையும் சொல்லிவிடுகிறேன். யூனிகோடு பரவுவதற்கு முன்பு டிஸ்கி (TSCII) என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் தட்டிய என் பழைய உரைக்கோப்புகள் சில இருந்தன. திறந்தால் கிறுக்கல். அவற்றை மாற்ற ஏதாவது இணையதளம் தேடவேண்டும் என்று வருடக்கணக்காகத் தள்ளிப்போட்டிருந்தேன். லினக்ஸில் ஐகான்வ் என்ற கட்டளை ஏற்கெனவே இருக்கிறது, அதன் குறியாக்கப் பட்டியலில் டிஸ்கியும் இருக்கிறது. எதிலிருந்து, எதற்கு என்று இரண்டு பெயர் கொடுத்து ஓட்டினேன். கண் இமைப்பதற்குள் யூனிகோடு. எதையும் நிறுவவில்லை, எந்தத் தளத்திலும் ஏற்றவில்லை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்புகளுக்கு இது உதவாது, அவை தனிக் கதை.

இரண்டாம் வாரம்: வேகம்

ரேம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஃப்ரீ என்ற கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். 4 ஜிபியில் 'ஃப்ரீ' என்ற பத்தியில் 180 எம்பி. அடக் கடவுளே, ரேம் தீர்ந்துவிட்டதா? இல்லை. சும்மா கிடக்கும் ரேமில் லினக்ஸ் டிஸ்க்கில் படித்ததை வைத்துக்கொள்ளும், நிரல் கேட்டால் விட்டுக்கொடுத்துவிடும். பார்க்க வேண்டியது 'அவைலபிள்' என்ற கடைசிப் பத்தி. அதில் 2.1 ஜிபி இருந்தது. ரேமைச் 'சுத்தம் செய்யும்' கட்டளைகளை ஓட்டச் சொல்லும் அறிவுரையை நான் கடைப்பிடிக்கவில்லை. அவை பெரும்பாலும் இந்த இருப்பைத்தான் கொட்டிவிடுகின்றன, பிறகு எல்லாம் மறுபடி டிஸ்க்கிலிருந்து வர வேண்டும்.

இசட்ரேம் போட்டேன். ரேமிலேயே ஒரு பகுதியைச் சுருக்கி ஸ்வாப்பாக (ரேம் போதாதபோது உதவும் இடம்) வைக்கும் ஏற்பாடு. எட்டுப் பத்து டேப் திறந்தால் முன்பு உறைந்துபோகும், இப்போது திணறும். அவ்வளவுதான் வித்தியாசம். உண்மையான முட்டுக்கட்டை அந்த 5400 சுற்று டிஸ்க். சிஸ்டம்டி-அனலைஸ் என்ற கட்டளையின் கணக்கில் பூட் ஆக 1 நிமிடம் 38 நொடி.

சுழலும் பகுதி இல்லாத, வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி மாட்டினேன். பின்மூடியில் சில திருகு, உள்ளே ஒரு சாட்டா டிஸ்க், அதே அளவில் புதியது. பழையதை அப்படியே குளோன் செய்யாமல் புதிதாக நிறுவினேன், வேண்டுமென்றேதான். குறிப்புக் கோப்பை வைத்துச் செய்ய முடிகிறதா என்று பார்க்க ஆசை. முதல் முறை ஆறு மாலை ஆனது. இந்த முறை வைஃபை, தமிழ்99, எழுத்துரு, எல்லாம் சேர்த்து 55 நிமிடம். பூட் 21 நொடி.

என் கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டரை பழைய டிஸ்க்கிலிருந்து ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளை மூலம் கொண்டுவந்தேன். இங்கே ஒரு சாய்கோடு என்னை ஏமாற்றியது. மூல ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு இருந்தால் உள்ளே இருப்பவை மட்டும் போகும். இல்லாவிட்டால் ஃபோல்டரே போய் உட்காரும். நான் விட்டுவிட்டேன், என் ஹோமுக்குள் இன்னொரு ஹோம். அழித்துவிட்டு, இந்த முறை 'என்' (n) என்ற சுவிட்சோடு, அதாவது கட்டளையோடு சேர்க்கும் குறியோடு, ஒத்திகை பார்த்து ஓட்டினேன். புள்ளியில் தொடங்கும் மறைந்த ஃபோல்டர்களும் வந்ததால் பிரவுசரின் புக்மார்க்குகள் வரை பழையபடி இருந்தன. இரண்டு நிறுவலிலும் முதல் பயனருக்கு 1000 என்ற அதே எண் கிடைப்பதால் கோப்பு உரிமைச் சிக்கலும் வரவில்லை.

நாலாம் வாரம்

டைம்ஷிஃப்ட் என்ற கருவி தினமும் ஸ்னாப்ஷாட் (கணினியின் அன்றைய நிலையின் நகல்) எடுக்கட்டும் என்று விட்டிருந்தேன். எஸ்எஸ்டியில் 120 ஜிபிதான், டிஸ்க்கில் உள்ள இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் எதிர்பார்த்ததைவிட அதிகம் நிரம்பியிருந்தது. முதல் ஸ்னாப்ஷாட் முழு நகல், அடுத்தடுத்தவை மாறியதை மட்டும் சேர்க்கும். ஆனால் பெரிய புதுப்பிப்புகள் வந்தால் மாறியதே நிறைய. இரண்டு மட்டும் வைத்துக்கொள் என்று குறைத்தேன். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முன்னிருப்பாக டைம்ஷிஃப்ட் ஹோமைத் தொடுவதில்லை. கணினியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும், உங்கள் கட்டுரையைக் கொண்டுவராது. என் எழுத்துகளுக்கு வாரம் ஒருமுறை வெளி டிஸ்க்குக்கு ஆர்சிங்க், சாய்கோட்டோடு.

கட்டளை ஒட்டியதில் ஒரு கூத்து. ஒரு பக்கத்திலிருந்து எடுத்து ஒட்டினேன், 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று வந்தது. மூன்று முறை ஒட்டினேன், மூன்று முறையும் அதே. பிழையை நிதானமாகப் படித்தால், சுவிட்சுக்கு முன்னால் இருந்த சிறிய கோட்டை அந்தப் பக்கம் அழகுக்காக நீளக் கோடாக மாற்றியிருந்தது. அதனால் சுவிட்சைக் கோப்பின் பெயர் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. இப்போது கட்டளைகளைக் கையாலேயே தட்டுகிறேன். மெதுவாகத் தட்டும்போது, இது என்ன செய்கிறது என்று கட்டளையின் கையேடான மேன் பக்கத்தைப் பார்க்கவும் தோன்றுகிறது.

இன்றைய நிலை

பாக்கி ஒன்று. லேப்டாப் மூடியை மூடித் திறந்தால், சில சமயம் வைஃபை வருவதில்லை. நெட்வொர்க்கை அணைத்துப் போட்டால் வந்துவிடும். எப்போது வரவில்லை என்று கோப்பில் நேரத்தோடு எழுதிக்கொண்டு வருகிறேன். இதுவரை 7 பதிவு. நேற்றுதான் கவனித்தேன், ஏழிலும் சார்ஜர் செருகப்படவில்லை. வைஃபையின் மின்சேமிப்பை அணைத்துவிட்டு இன்று இரவு மூடி வைக்கிறேன்.