கோர்ட் காகிதம் வந்த சனிக்கிழமை

போன சனிக்கிழமை மத்தியானம் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன், கதவு தட்டும் சத்தம். ஜீன்ஸ் போட்ட ஒரு பையன் என் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து, நான்தானா என்று கேட்டு, ஒரு கவரைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். உள்ளே சப்பீனா என்கிற கோர்ட் காகிதம். அமெரிக்கா வந்து 6 வருஷம், பனியிலும் கார் ஓட்டுகிறேன், ஊர் பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டாரோ என்றுதான் முதலில் தேடினேன்.

நீடாமங்கலத்தில் எனக்கு 9 வயதிருக்கும்போது, கோர்ட் சம்மன் கொண்டுவரும் அமீனா சைக்கிளில் வந்தார். திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்தார், தாத்தாவிடம் கையெழுத்து வாங்கினார், ஊதா மை முத்திரை குத்திய சம்மனைக் கொடுத்தார். தாத்தா அதை நாலாக மடித்து எரவாணத்தில் செருகினார். பாட்டி அடுப்படியில் அழுதாள். அப்புறம் சம்பா அறுப்பு முடியும்வரை தாத்தா கடைத்தெருப் பக்கமே போகவில்லை. கொல்லை வழியாக இறங்கி வாய்க்கால் கரையோடு வயலுக்குப் போவார், அப்படியே திரும்புவார்.

சரி, காகிதத்துக்கு வருகிறேன். ராத்திரி உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். இங்கே சம்மன்ஸ் வேறு, சப்பீனா வேறு. சம்மன்ஸ் என்றால் வழக்கு நம் மேல். கூடவே பிராது வரும், பெடரல் கோர்ட்டில் பொதுவாக 21 நாளுக்குள் பதில் போட வேண்டும், விட்டால் நம் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பாகிவிடலாம். சப்பீனா சாட்சிக்கு: வந்து சொல்லு, இல்லை உன்னிடம் இருக்கிற ஆவணத்தைக் கொண்டு வா. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு ‘தண்டனைக்கு உட்பட்டு’ என்று பொருள், அதனால் அலட்சியமாக விடவும் முடியாது. நியாயமில்லாமல் கேட்டிருந்தால் ரத்து செய்யச் சொல்லி கோர்ட்டில் மனு போடலாம். எனக்கு வந்தது நெடுஞ்சாலையில் நான் நேரில் பார்த்த ஒரு லாரி விபத்துக்காக. கூடவே ஒரு நாள் படியாக 40 டாலர், போக்குவரத்துக்கு மைல் கணக்கு, இரண்டையும் சேர்த்து ஒரு செக்.

அப்பாவிடம் போனில் சொன்னேன். “ஜட்ஜ் கையெழுத்து இருக்காடா?” இல்லை, வக்கீல் கையெழுத்துதான், இங்கே வக்கீலே கோர்ட் பெயரில் போடலாம். அவருக்கு நம்பிக்கையே வரவில்லை.

என் ஆதங்கம் வேறு. நம் ஊரில் பிரதிவாதிக்கும் சம்மன், சாட்சிக்கும் சம்மன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரு கேட்பதில்லை, அமீனா எந்த வீட்டில் சைக்கிளை நிறுத்தினார் என்பதுதான் கணக்கு. தாத்தாவுக்கு வந்தது என்னவென்று இத்தனை வருஷம் கழித்து அப்பாவைக் கேட்டேன்.

“பக்கத்து வயக்காரங்க ரெண்டு பேருக்கு வரப்புத் தகராறு. தாத்தா சாட்சிதான்.”

“அதை நாலு பேர்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா?”

“யாரு கேட்டா?”

மன்னார்குடி கோர்ட்டுக்குத் தாத்தா விடியறதுக்கு முன்னாலேயே கிளம்பிப் போனார். இருட்டிய பிறகு கொல்லைப்புறமாகத்தான் வந்தார். கையில் எனக்கு ஒரு பொட்டலம் பக்கோடா, எண்ணெய் ஊறிய காகிதத்தில் இன்னும் சூடு இருந்தது. சாட்சிப்படிக் காசில் வாங்கியிருப்பார்.