அம்மாவைக் கவனிப்பவருக்கான வரி

நியூ ஜெர்சியில் எங்கள் அம்மாவைப் பகலில் கவனித்துக்கொள்ள ஒருவரை நாங்களே நேரடியாக அமர்த்தியபோது, சம்பளத்தை ரொக்கமாகக் கையில் கொடுத்துவிட்டால் போதும் என்றே நண்பர்கள் பலரும் சொன்னார்கள். ஆனால் என்ன வேலை, எப்படிச் செய்வது என்பதை நாம் தீர்மானிக்கும்போது, அவர் ஒப்பந்தக்காரர் அல்லர், நம் ஊழியர் என்பதே அமெரிக்க வரிச் சட்டத்தின் நிலை.

2025-ஆம் ஆண்டில் ஒருவருக்கு 2,800 டாலரோ அதற்கு மேலோ ஊதியம் கொடுத்திருந்தால், சமூகப் பாதுகாப்பு என்னும் அரசு ஓய்வூதியத் திட்டத்துக்கும் மெடிக்கேர் என்னும் முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்குமாக அவர் ஊதியத்தில் 7.65 விழுக்காட்டைப் பிடித்து, அதே அளவு தொகையை நம் பங்காகவும் சேர்த்து, நம்முடைய வருமான வரிப் படிவத்துடன் ஷெட்யூல் ஹெச் என்னும் வீட்டு ஊழியர் வரிக்கான படிவத்தை இணைத்துச் செலுத்த வேண்டும். வேலையின்மைக் காப்பீட்டு வரி இந்த 7.65 விழுக்காட்டுக்குள் அடங்காது, அது தனி.

நாள் முழுதும் அம்மாவைத் தாங்கிப் பிடிக்கும் அந்தப் பெண்மணிக்கு, முதுமையில் கிடைக்கவேண்டிய ஓய்வூதியம் இப்படிப் பதிவாகும் ஊதியத்தைக் கொண்டே கணக்கிடப்படுகிறது என்பதால், இதில் ஒரு டாலரும் விடுபட நான் சம்மதிக்கவில்லை.